திறக்கக் கூடாத மூன்று நாள்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். செல்லபாய், வயது அறுபத்தொன்று, அங்கன்வாடியில் உதவியாளராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவள். அவளுடைய தம்பி ஞானதாஸ். தம்பி மனைவி ஸ்டெல்லா. பிறகு பத்தரை மணிக்கு வருவதாகச் சொல்லி வந்த மூன்று பேர்: அருமைநாயகம், வயது அறுபத்து நாலு, பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்தவர், மனைவி இறந்து ஆறு வருஷம், அவர் மகள் பீனா, அவருடைய அக்காள் ரோஸ்லி. பீனாவின் புருஷன் வருவதாக இருந்து வரவில்லை, அவனைச் சேர்க்கக் கூடாது. வராதவர்களைச் சேர்த்துக் கணக்கு எழுதுகிற பழக்கம் முப்பத்தொரு வருஷ வேலையில் செல்லபாய்க்கு ஒரு நாளும் இருந்ததில்லை.

ஒன்பது மணிக்கு அவள் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தாள். முன்னால் தரையில் ஒரு சாக்கு விரித்து, அதன் மேல் மட்டி வாழைப்பழம் மூன்று கும்பலாகக் கிடந்தது. முழுக்கப் பழுத்தது ஒன்று, பாதி நிறம் ஏறியது ஒன்று, இன்னும் பச்சையாகவே நிற்பது ஒன்று. மூன்றையும் மறுபடி எண்ணினாள். முப்பத்தேழு, நாற்பத்து மூன்று, ஐம்பத்திரண்டு. சரியாகத்தான் இருந்தது, சரியாக இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் ஞானதாஸ் குலையைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கியபோது பதினொரு சீப்பு, நூற்று முப்பத்து நாலு காய். என்ன அழகான குலை, ஒரு காயில் ஒரு கீறல் கிடையாது. அவளே சீப்புச் சீப்பாக அறுத்து, பால் வடிய வைத்து, அரிசி டிரம்மின் அடியில் வாழைச் சருகு பரத்தி, வட்டமாக அடுக்கி, நடுவில் சிரட்டையில் கனலும் தேங்காய் நாரும் வைத்து, புகை எழும்பியதும் மூடி போட்டு, ஈரச் சாக்கால் விளிம்பை இறுக்கிச் சுற்றினாள். இனி மூன்று நாளைக்குத் தொடக் கூடாது. அது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உள்ளே இருக்கிற சூடு உள்ளேயே நிற்க வேண்டும், திறந்தால் போச்சு. தெரிந்தும் புதன்கிழமையே இரண்டு தடவை திறந்தாள். வியாழக்கிழமை ஆறு தடவை. வெள்ளிக்கிழமை எட்டு. இன்றைக்குக் காலை ஐந்து மணிக்கு ஒரு தடவை, அது திறக்க வேண்டிய தடவைதான், இருந்தாலும் திறந்தது திறந்ததுதான், மொத்தம் பதினேழு. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு நிமிஷம், நிறம் பார்க்க, விரலால் ஒன்றைத் தொட்டு அமுக்க, எண்ண. எண்ணி என்ன ஆகப் போகிறது, டிரம்முக்குள் இருக்கிற காய் எங்கே ஓடிவிடும்? ஆனாலும் மூடியின் மேல் கையை வைக்கும்போது நெஞ்சுக்குள் ஒரு துள்ளல், மூடி லேசாக எழும்பும்போது புகையும் வாழைக் கறையும் கலந்த அந்த வாசம், அதற்குள்ளே நூல் போல ஓர் இனிப்பு வந்துவிட்டதா, வரப்போகிறதா, இன்னும் இல்லையா. "மைனி, தொட்டில்ல கிடக்குத பிள்ளையக்கூட இத்தன தடவ யாரும் எட்டிப் பாக்கமாட்டாவ" என்று ஸ்டெல்லா நேற்று சிரித்தாள். செல்லபாய் மூடியைப் போட்டுவிட்டு, அரிசி வண்டு இருக்கிறதா என்று பார்த்ததாகச் சொன்னாள். டிரம்மில் அரிசியே இல்லை.

முப்பத்தேழு போதுமா? தட்டில் எத்தனை வைப்பது? வருகிறவர்கள் மூன்று பேர் என்றால் ஆளுக்கு மூன்று வைத்து ஒன்பது, வீட்டில் உள்ளவர்களும் கூட உட்கார்ந்தால் பன்னிரண்டு, தட்டு காலியாகத் தெரியாமல் இருக்க இரண்டு கூட, பதினான்கு. அது சரி. காலையில் எண்ணும்போது பழுத்தது முப்பத்தொன்பது இருந்தது. ஐந்து மணிக்கு ஒன்றை உரித்து ருசி பார்த்தாள், புளிப்பு இல்லை, தேன் மாதிரி, நாக்கில் ஒட்டியது. முப்பத்தெட்டு. அதைச் சொன்னதும் உடம்பு ஒரு நொடி நின்றுவிட்டது. முப்பத்தெட்டு வருஷம். வேண்டாம், இன்றைக்கு இந்த எண் வேண்டாம் என்று நினைத்து நினைத்து, ஏழு மணிக்கு இன்னொன்றை உரித்து, பசியே இல்லாமல், நின்றுகொண்டே தின்று, முப்பத்தேழு ஆக்கினாள். ஆக்கினால் என்ன, நினைவு போய்விடுமா? அன்றைக்கு அவளுக்கு இருபத்து மூன்று வயது. இதே ஊர், வேறு வீடு, ஓட்டு வீடு. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள், ஏழு பேர், பையன் நீலச் சட்டை. தலை குனிந்திருந்ததால் அவள் பார்த்தது அந்தச் சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் மூன்றும் அவன் கைகளும்தான். நல்ல கைகள், நகம் சுத்தமாக வெட்டியிருந்தது. எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்றார்கள். கணக்கு வாத்தியார்! அதைக் கேட்ட ராத்திரி முழுக்க அவளுக்குத் தூக்கமில்லை, அவ்வளவு சந்தோஷம். அவனுடைய அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள், "என்ன பிள்ளே, சம்மதமா?" சொல் வந்தது. தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றது. "சொல்லு மோளே." இரண்டாவது தடவை. உதடு ஒட்டிக்கொண்டது, காது இரண்டும் கொதித்தது, சேலையின் கரையில் இருந்த புள்ளிகளை அவள் எண்ண ஆரம்பித்தாள், பதினாறு வரை எண்ணினாள். "ஒண்ணும் சொல்லமாட்டேங்குதியே." மூன்றாவது தடவை. அதற்குப் பிறகு கேட்கவில்லை. சாயா குடித்துவிட்டு எழுந்து போனார்கள். பிள்ளைக்கு விருப்பமில்லை போலிருக்கிறது என்று இரண்டு நாளில் சொல்லி அனுப்பினார்கள். விருப்பமில்லையாம்! அதன் பிறகு அப்பா படுக்கையில் விழுந்தது, ஞானதாஸின் படிப்பு, அங்கன்வாடி வேலை, அம்மாவின் கண். ஒவ்வொன்றும் ஒரு காரணம்தான். ஆனால் முதல் காரணம் அந்த ஒரு சொல், அதைக் கேட்டது மூன்று தடவை, சொன்னது சுழி.

இப்போது வரப்போகிறவரும் அதைத்தான் கேட்கிறார். அதுதான் பயம். பீனாவின் மகன் அவளுடைய அங்கன்வாடியில் இரண்டு வருஷம் இருந்தவன், முட்டையின் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளைப் பக்கத்துப் பிள்ளையின் தட்டில் போடுகிறவன். பீனா மூன்று வாரத்துக்கு முன்னால் வந்து, ஸ்டெல்லாவிடமும் ஞானதாஸிடமும் உட்கார்ந்து பேசினாள். செல்லபாய் கதவின் கொண்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். "அப்பா தனியாட்டு இருந்து சமைச்சுத் திங்கதப் பாக்க முடியல்ல அண்ணே. எனக்கு டீச்சரத் தெரியும். இந்தக் காலத்துல இதெல்லாம் ஒரு குறைச்சலா?" பீனா அவளை எப்போதும் டீச்சர் என்றுதான் சொல்லுவாள், உதவியாளர் என்று எத்தனை தடவை திருத்தினாலும். பிறகு பீனா சொன்னாள், "அப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. சம்மதமா இல்லியான்னு டீச்சர் அவங்க வாயால சொல்லணும். தம்பி சொல்லதோ தம்பி மனைவி சொல்லதோ வேண்டாம். எங்க அம்மாட்ட கல்யாணத்துக்கு முந்தி யாரும் கேக்கவே இல்லியாம். பத்து வருஷம் கழிச்சு ஒரு நாள் அம்மா அதச் சொல்லி அழுதாளாம். அதோட அப்பா முடிவு பண்ணிட்டாங்க, இனி கேக்காம ஒண்ணும் இல்ல." நல்ல மனுஷன். அப்படி நினைத்த அந்த நிமிஷமே பயமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. நல்ல மனுஷன், ஆகவே கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். அறுபத்தொரு வயதில் ஒரு ஆளின் முகத்துக்கு நேரே, எனக்கு ஆசையாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஆசையா அது? ஆமாம், ஆசைதான், வேறு பேர் வைக்க முடியாது. காலையில் எழுந்து இரண்டு கப் சாயா போட வேண்டும் என்று ஆசை. ஒரு ஆளிடம் இன்றைக்கு வாசலில் எத்தனை பூ விழுந்தது என்று சொல்ல ஆசை, அவர் அதைக் கேட்டு எத்தனை என்று திருப்பிக் கேட்க வேண்டும். நேற்று ஞானதாஸ் சொன்னான், "அக்கா, உனக்கு இஷ்டமில்லேன்னா ஒண்ணும் பேசாண்டாம். சும்மா இருந்தாப் போதும், நான் பாத்துக்கிடுவேன்." பாவம், அக்காள் மேல் அவ்வளவு அன்பு. சும்மா இருந்தால் போதுமாம்! சும்மா இருந்ததால்தானே இத்தனையும். பேசாமல் இருந்தால் இன்றைக்கும் அப்படியே முடிந்துவிடும், யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள், மரியாதையாக, மெதுவாக, சாயா குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். சம்மதம். சொல்லிப் பார்த்தாள். அடுக்களையில் யாரும் இல்லாதபோது நன்றாக வந்தது. சம்மதம். நாலு எழுத்தும் ஒரு புள்ளியும், இல்லை, புள்ளி இரண்டு, எழுத்து ஐந்து. எழுதவே ஒரு நொடி ஆகாது. சம்மதம். ஸ்டெல்லா உள்ளே வந்தாள். "யார்ட்ட பேசுதிய மைனி?" "பழத்த எண்ணுனேன்." "சம்மதம்னா எண்ணுவாவ?" என்று கேட்டுவிட்டு ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள், நாற்பத்தொன்பது வயதுக்காரி, குமரி மாதிரி. செல்லபாய்க்கும் சிரிப்பு வந்தது, வயிற்றிலிருந்து வந்தது, அடக்கப் பார்த்தாள், சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பச்சைக் கும்பலைப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. ஐம்பத்திரண்டு. அது அவள் கையால் கெடுத்தது. ஒழுங்காக மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் நூற்று முப்பத்து நாலும் மஞ்சளாக, ஒரே நிறமாக, பார்க்கப் பார்க்கத் தீராமல் இருந்திருக்கும். ஒரு காரியத்தை ஆசைப்பட்டுத் தொட்டுத் தொட்டுப் பார்த்தே பழுக்க விடாமல் ஆக்கியவள் என்று நினைத்தாள். உடனே, அதெல்லாம் இல்லை, பழம் பழம்தான், பேசாமல் இரு என்று தன்னையே அதட்டினாள்.

வந்துவிட்டார்கள். பத்து இருபத்தெட்டு, சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிஷம் முந்தி, அதுவே அவளுக்குப் பிடித்துவிட்டது. ஆட்டோ நின்ற சத்தம், ஞானதாஸின் "வாருங்க, இரிங்க", நாற்காலி இழுபடுகிற சத்தம் மூன்று. பதினான்கு பழத்தைத் தட்டில் இரண்டு அடுக்காக வைத்தாள், கலைத்தாள், மறுபடி வைத்தாள், காம்பெல்லாம் ஒரே பக்கமாக. தட்டோடு கூடத்துக்குப் போனபோது தரையில் செருப்பில்லாத கால்கள் தெரிந்தன, இரண்டு ஜோடி பெண் கால், ஒரு ஜோடி ஆண் கால், பெருவிரல் நகத்தில் மாறாத கறுப்பு, அது கிரீஸ். தலையை நிமிர்த்து, நிமிர்த்து என்று சொல்லிக்கொண்டே தட்டை வைத்தாள். நிமிரவில்லை. "அம்மாடி, மட்டியாக்கும்!" என்றாள் ரோஸ்லி அக்காள், சாயா வருவதற்குள் இரண்டாவதை உரித்துக்கொண்டே. "கொள்ளாம், நல்ல ருசி. இப்பம் கடையில கிடைக்கதெல்லாம் மேல மஞ்ச, உள்ள கல்லு." "மைனி பழுக்க வச்சதாக்கும்" என்றாள் ஸ்டெல்லா. பீனா ஒன்றை எடுத்தாள். அருமைநாயகம் ஒன்றும் சொல்லாமல் தின்றுகொண்டிருந்தார், ஒன்று, இரண்டு, மூன்று, செல்லபாய் கீழே பார்த்தபடியே தோல்களை எண்ணினாள், நாலு. இவருக்கும் கை சும்மா இருக்கவில்லை, இவருக்கும் பேச்சு வரவில்லை, பயந்துதான் தின்கிறார்! அந்த எண்ணம் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. ஐந்து. "அருமை, அது உன் வீட்டுப் பழம் இல்லடே" என்றாள் அக்காள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் தோலைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "குலையாட்டு வாங்கினீங்களா? மீதி எங்க?" என்று கேட்டார். கேள்வி பொதுவாகத்தான் விழுந்தது. ஞானதாஸ் அடுக்களையைக் காட்டினான். அவர் எழுந்து போய் வாசற்படியில் நின்று பார்த்தார். சாக்கின் மேல் மூன்று கும்பல். பின்னாலேயே போன செல்லபாய்க்கு முகம் எரிந்தது. அதை ஏன் மூடி வைக்கவில்லை?

அருமைநாயகம் உள்ளே வந்து குனிந்து ஒரு பச்சைக் காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், பழுதான ஒரு இஞ்சின் பாகத்தைப் பார்ப்பதுபோல, அக்கறையாக. பிறகு டிரம்மின் விளிம்பில் விரலை ஓட்டினார். "சூடு சீரா பிடிக்கல்ல" என்றார். "மூடி அடையல்லன்னு தோணுது. இந்த இடத்துல லீக் இருந்திருக்கும்." மூடி அடையவில்லையா? அவள் கட்டிய ஈரச் சாக்கா? இழுத்து, முறுக்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைச் செருகி, விரல் நுழையாத அளவுக்கு அவள் அடைத்த மூடியா? முப்பத்தொரு வருஷம் சத்துமாவு டப்பாவில் ஒரு எறும்பு நுழைய விடாத கை இது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், கணக்குத் தப்பாகச் சொல்லக் கூடாது. "மூடி நல்லாத்தான் அடஞ்சுது" என்று ஒரு குரல் கேட்டது. அவளுடைய குரல்தான். "நான்தான் தொறந்தேன்." அவர் திரும்பினார். இப்போது முகத்தைப் பார்த்தாள், முழு முகத்தை, நரைத்த புருவம், இடது கன்னத்தில் சவரத்தில் வெட்டிய சின்னச் சிவப்பு. "எத்தன தடவ?" "பதினேழு." "பதினேழா!" "புதன்கிழம ரெண்டு. வியாழன் ஆறு. வெள்ளி எட்டு. இன்னைக்கு ஒண்ணு." ரோஸ்லி அக்காள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பீனா அவள் கையைப் பிடித்தாள். அவர் காயைக் கீழே வைக்கவில்லை. "தொறக்கப்பிடாதுன்னு தெரியாதா?" "தெரியும்." "பின்ன எதுக்கு?" இதுதான். கேட்டுவிட்டார். வேறு மாதிரி கேட்டுவிட்டார், ஆனால் இதுதான் அது. தொண்டையில் வந்து நின்றது, அதே இடம், அதே அடைப்பு, காது கொதித்தது, கண் தானாகவே சேலைக் கரைக்குப் போனது, ஒன்று, இரண்டு, புள்ளிகள், மூன்று. ஞானதாஸ் அடுக்களைக்கு வந்துவிட்டான். "சார், அக்கா கொஞ்சம் வெட்கப்படுவாங்க, அது நான் பிறகு..." என்று அன்பாகச் சொல்லத் தொடங்கினான். "நீ சும்மா இரு தாசு" என்றாள் செல்லபாய். தம்பியை அவள் அப்படிச் சொன்னது அவன் பிறந்ததிலிருந்து அதுவே முதல் தடவை. "நீங்க வாரதுக்குள்ள பழுக்கணும்னுதான் பாத்தேன். பொறுக்க முடியல்ல. வேற ஒண்ணும் இல்ல." இன்னும் முடியவில்லை, அதைச் சொல்லவில்லை, இதோடு விட்டால் எல்லோரும் சிரித்துவிட்டுத் தாங்களே புரிந்துகொண்டதாக வைத்துக்கொள்வார்கள், அது போதாது, அவர் கேட்டது சொல். "எனக்குச் சம்மதம்." கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. தெருவில் நின்ற ஆட்டோக்காரன் எட்டிப் பார்த்தான் என்று ஸ்டெல்லா பிற்பாடு சொன்னாள். அருமைநாயகத்தின் கண் கலங்கியதா, புகை வாசத்தில் எரிந்ததா தெரியவில்லை. "எனக்கும்" என்றார். பிறகு, அது போதாது என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும், "எனக்கும் சம்மதம்" என்று முழுக்கச் சொன்னார்.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஸ்டெல்லா அழுதுகொண்டே ஒரு பழம் தின்றாள், ஞானதாஸ் இரண்டு, ரோஸ்லி அக்காள் மூன்றாவதை முடித்தாள். சபையில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு வாசிக்க வேண்டும், அதற்குப் போதகர் ஐயரைப் பார்க்க வேண்டும், இந்த மாதமா அடுத்த மாதமா. "வயசான காலத்துல இவ்வளவு அவசரமா?" என்றாள் ரோஸ்லி அக்காள். "வயசான காலத்துலதான் அக்கா அவசரம்" என்றார் அருமைநாயகம். தட்டில் மீதி இருந்த இரண்டில் ஒன்றை எடுத்துச் செல்லபாயிடம் நீட்டினார். "நீங்க ஒண்ணுகூட எடுக்கல்லியே." அவள் வாங்கிக்கொண்டாள். வெறுங்கையோடு யாரையும் அனுப்ப முடியாதே, பழுத்ததில் ஒரு சீப்பு, பன்னிரண்டு பழம், பீனாவின் பையில் வைத்தாள். பச்சை ஐம்பத்திரண்டையும் அவர் தானே கேட்டார். "எங்க வீட்டுல டிரம் இருக்கு. நான் பழுக்க வைக்கேன். தொறக்கமாட்டேன்." "இவனா தொறக்கமாட்டான்? இஞ்சின் ஓடும்போதே பானட்டத் தூக்கிப் பாக்குதவன்" என்றாள் அக்காள். சாக்கில் கட்டி ஆட்டோவில் ஏற்றினார்கள். ஞானதாஸ் பின்னாலேயே போய், "சார், பைய போங்க" என்றவன், நாக்கைக் கடித்துக்கொண்டு, "பைய போங்க அத்தான்" என்றான். வண்டி முக்குத் திரும்பும் வரை செல்லபாய் வாசலில் நின்றாள். தலை குனியாமல் நின்றாள்.

உள்ளே வந்து கணக்கு எடுத்தாள். முப்பத்தேழில் தின்றது பன்னிரண்டு, கொடுத்தது பன்னிரண்டு, மீதி பதின்மூன்று. பாதிப் பழம் நாற்பத்து மூன்று. ஆக ஐம்பத்தாறு இருக்க வேண்டும். எண்ணினாள். ஐம்பத்தைந்து. தட்டையும் பார்த்தாள், சாக்கைத் தூக்கிப் பார்த்தாள், டிரம்முக்குள் கையை விட்டுத் துழாவினாள். மறுபடி எண்ணினாள். ஐம்பத்தைந்து. "ஸ்டெல்லா, நீ வல்லதும் எடுத்தியா?" "ஒண்ணுதான் மைனி தின்னேன், நீங்க பாத்துக்கிட்டுதானே நிண்ணீங்க." ஞானதாஸிடம் கேட்டாள். அவனும் இல்லை என்றான். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு முட்டை, ஒரு பிடி அரிசி அவளுக்குக் குறைந்ததில்லை. மூன்றாவது தடவை எண்ணுவதற்காகக் குனிந்தபோது, இடது உள்ளங்கையில் ஏதோ ஒட்டுவதுபோல இருந்தது. விரித்துப் பார்த்தாள். ஒரு பழத்தோல், மூன்று இதழாக உரிந்து, கசங்கி, உடம்புச் சூடு ஏறி இருந்தது. வாசலில் நிற்கும்போதா, அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதா, எப்போது தின்றாள் என்று அவளுக்கு ஞாபகமே இல்லை. நாக்கை மேலண்ணத்தில் வைத்துப் பார்த்தாள், இனிப்பு இருந்தது. தோலை அப்படியே பிடித்துக்கொண்டு, பாதிப் பழத்தையும் பழுத்ததையும் ஒன்றாக டிரம்மில் அடுக்கி, மூடி போட்டாள். மீதி ஐம்பத்தைந்து.